வேம்பில் கட்டிய லைனிங் துணி

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை இருந்தது. காலி என்று பேர்தான். ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. போன வாரம் ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்தது. நான் தோசை வார்த்து முடிப்பதற்குள் பாதி மனை வெறும் தரையாகிவிட்டது. வேரோடு பிடுங்கிய கருவேலத்துக்கு ஒரு வாடை உண்டு. பச்சையும் புளிப்புமாக வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமல் நின்றுவிட்டேன். மூலைக்கு மூலை குச்சி நட்டு, அதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். "சிவப்பைக் கட்டி வச்சா எவன் உள்ள வருவான்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கணவர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். அவருக்கு இதையெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். உங்களிடம் சொல்கிறேன். எனக்கே இது முழுசாக விளங்கியதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், விருதுநகர் பஜாரில் சின்னதாக ஒரு துணிக்கடை. ரவிக்கைத் துணி, பாவாடைத் துணி, லைனிங். இந்த மூன்றுக்கு மேல் நான்காவதாக அந்தக் கடையில் ஏதாவது இருந்தது என்றால் அது அத்தாவின் கோபம்தான். சேலையைத் தூரத்தில் பார்த்தே இதற்கு இந்த லைனிங்தான் சேரும் என்பார். வாடிக்கையாளர் வேறு நிறம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் அப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். மயில், ரோஜாப்பூ, பல் தெரியச் சிரிக்கும் குழந்தை. கைக்குக் கை செல்போன் வந்து, பேசக் காசில்லாமல் எல்லாரும் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆக, வீட்டில் இரண்டு பேர் நிறத்தை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததைக் கேட்டுச் சிரிக்க வசதியாக இருக்கும்.

நாங்கள் இருந்தது கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகை வீடு. அடுப்படியில் ஜன்னல் கிடையாது. அம்மா மீன் பொரித்தால் என் துப்பட்டா வரைக்கும் வாசம் வந்து, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி என்ன குழம்பு என்று கேட்பாள். அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, தன் மகனுக்குக் கல்யாணம் பேசியாயிற்று, அடுத்த தீபாவளிக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். சூலக்கரைக்கு அந்தப் பக்கம், சாத்தூர் போகிற ரோட்டோரம் அத்தா எப்போதோ வாங்கிப் போட்ட மனை ஒன்று இருந்தது. அங்கே வீடு எழும்பினால்தான் எங்களுக்கு இருக்க இடம். அம்மா காலண்டர்த் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் முதலில் அடுப்படியை வரைந்தாள். கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல். மற்ற அறைகளை அதைச் சுற்றி ஒட்ட வைத்தாள்.

மனை முழுக்கக் கருவேலங்காடு. தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும். அந்த இடைவெளியில் கம்பெனி ஆட்கள் காடு வெட்டப் போவார்கள். வெட்டின மரம் அவர்களுக்கு, கரி மூட்டம் போட்டு விற்றுக்கொள்வார்கள்; சுத்தமான தரை நமக்கு. அப்படித்தான் மாரியப்பனிடம் பேசி முடித்தார் அத்தா. மனைக்குப் பின்னால் இருந்த ஊர்க்காரர் அவர். சீசனில் ஒரு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை, மற்ற நாளில் அரிவாள். அவர் மனைவி பேச்சியம்மாளும் கூட வெட்ட வருவார்.

எல்லைக் கல் எல்லாம் முள்ளுக்குள் எங்கோ புதைந்து கிடந்தது. ஓரத்து மரங்களில் துணி கட்டி அடையாளம் வைக்கலாம் என்று அத்தா முடிவு செய்தார். எந்த நிறம்? கடையில் அரை நாள் யோசித்தார். சிவப்பு கட்டினால் பட்டாசு ஆட்கள் கிட்டேயே வர மாட்டார்கள். அவர்களுக்குச் சிவப்புக் கொடி என்றால் மருந்து இருக்கிறது, உள்ளே வராதே என்று அர்த்தம். மஞ்சள் கட்டினால் மாரியம்மனுக்கு நேர்ந்தது என்று ஒதுங்கிவிடுவார்கள். வெள்ளை, சாவு வீட்டு ஞாபகம். கடைசியில், விற்காமல் கிடந்த பச்சை லைனிங்கைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு மூலையில் நின்ற வேம்பிலும் மற்ற மூலைகளில் நின்ற கருவேலத்திலும் கட்டிவிட்டு வந்தார். ஊரார் நிறத்தையெல்லாம் அத்தனை யோசித்த மனுசன் தன் நிறத்தை மட்டும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை, நிறத்துக்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டு.

"நாலு மூலையிலயும் அடையாளம் வச்சிருக்கேன்" என்று மாரியப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தாவும் பார்க்கப் போனோம். வேம்புக்கு அந்தப் பக்கம் வெட்டவெளியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் எங்கள் மனை, ஒரு கிளைகூட ஒடியாமல் பச்சைப்பசேல் என்று நின்றது. வேம்படியில் வரிசையாகச் செருப்புகள் கழற்றி விடப்பட்டிருந்தன. அந்த நிழலில்தான் கஞ்சி குடித்திருக்கிறார்கள். அவர்கள் காலெல்லாம் முள் கிழித்த கோடு.

"என்ன மாரியப்பா இது?" என்றார் அத்தா.

"முடிஞ்சு போச்சு பாய். வேரைப் பறிச்சுட்டா அம்புட்டுத்தான்."

"ஏய்யா, நம்ம எடம் இது இல்ல. அந்தா நிக்கிதே, அது."

மாரியப்பன் எங்கள் மனையைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். "அது அவுலியா எடமில்ல?"

"எந்த அவுலியா?"

"அது பாய்க்குத்தான தெரியும். தர்காவுல கட்டுற மாதிரி பச்சை கட்டியிருக்கே."

"நான்தான்யா கட்டுனேன்."

"நாங்களும் அதத்தான் பேசிக்கிட்டோம். பாய்தான் கட்டியிருப்பாக, பக்கத்துல வீடு கட்டிக் காவலா இருக்கப் போறாகன்னு."

அத்தா சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று தன் யோசனையை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். அவர்கள் பணிவாகக் கேட்டார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. பெரிய இடத்து விஷயத்தை வெளியே சொல்லத் தயங்குகிறார் என்றே அவர்களுக்குப் பட்டது.

"இங்கன யாரும் அடங்கலம்மா" என்று அத்தா பேச்சியம்மாளிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"மண்ணுக்கு மேல நின்னுக்கிட்டு அதை எப்படிச் சொல்லுவீக?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வேண்டிக்கிட்டேன் பாய். சீசன் ஆரம்பிச்சா இவுக மருந்து ரூமுக்குப் போயிருவாக. முழுசா வீடு வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டேன். இப்ப வந்து யாருமில்லங்கீகளே" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெட்டின மனை மதுரையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. சண்டைக்கு வரப்போகிறார் என்று நாங்கள் பயந்துகொண்டிருக்க, அவர் பழத்தோடு கடைக்கு வந்து, "உங்க மனசு யாருக்கு வரும் பாய்" என்று அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தா அன்று முழுக்க அந்தப் பழத்தைத் தொடவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். அங்கே யாரும் இல்லை, தாராளமாக வெட்டலாம் என்று சொல்லிவிட்டார் ஹஜ்ரத். ஆனால் அவர் வந்து வெட்டித் தரப் போவதில்லையே. அத்தா தானே போய்த் துணிகளை அவிழ்த்துவிட்டு வந்தார். மறுநாள் வேம்பில் மறுபடியும் பச்சை. தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம துணி இல்ல. பழைய சேலைக் கிழிசல்" என்றார். துணியில் மட்டும் அவருக்கு எப்போதும் குழப்பம் கிடையாது.

வீட்டில் அம்மா பொங்கினாள். "ஒரு மரத்துக்காக நடுத்தெருவுல நிக்கணுமா?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பேச்சியம்மாள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் அத்தா ஒழுங்காகச் சாப்பிடாமல் சுற்றிக்கொண்டிருந்தார். கம்பெனி திறக்கிற நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. திறந்துவிட்டால் காடு வெட்ட ஆள் கிடையாது.

கடைசியில் அத்தாவே ஒரு வழி சொன்னார். "வேம்பை விட்ருங்க. மத்ததுல முதல் வெட்டு நான் வெட்டுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீங்க வெட்டுங்க." சரி என்றார்கள். கத்திரிக்கோல் பிடித்த கையால் அரிவாளை ஓங்கினார். முதல் வெட்டிலேயே கருவேல முள் கட்டைவிரலில் ஏறி, மறுநாள் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. போச்சு, இனி யாரும் வர மாட்டார்கள் என்று நாங்கள் தலையில் கை வைத்தோம். மாரியப்பன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோவிச்சிருந்தா உசுரே போயிருக்கும். விரலோட விட்டிருக்காருன்னா சம்மதம்னுதான் அர்த்தம்" என்றார். இரண்டே நாளில் காடு தரையாயிற்று. வீக்கம் எப்படிச் சம்மதமாகும் என்று அத்தா எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வீடு எழும்பியது. வேம்பு நின்றது அம்மா அடுப்படி வரைந்த மூலை. சுவர் உள்ளே தள்ளிப் போயிற்று, ஜன்னல் மேற்கே போயிற்று, இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத அடுப்படி ஒன்று மிஞ்சியது. "இல்லாத அவுலியாவுக்கு என் அடுப்படிதானா கெடச்சுது?" என்பாள் அம்மா, கரண்டியைக் கொஞ்சம் பலமாகவே வைத்து.

மாரியப்பன் போகிற கம்பெனி வேன் காலையில் அந்த வேம்படியில் நிற்கும். பெண்கள் இறங்கி மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார்கள். அத்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் எங்க மார்க்கத்துல கிடையாது, அல்லாகிட்ட நேராக் கேளுங்க" என்று தினமும் சொல்வார். "சரிங்க பாய்" என்று அவர்களும் தினமும் சொல்வார்கள். ஆனால் வேன் ரோட்டில் மறைகிற வரை அவர் உள்ளே வர மாட்டார். சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து கேட்டருகே நிற்பார். வேன் திரும்பிய பிறகுதான் கேட்டைச் சாத்துவார், பிறகுதான் டீ. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "வண்டி போற புழுதி உள்ள வருமில்ல" என்றார். புழுதிக்கு யாராவது கேட்டைத் திறந்து வைப்பார்களா?

ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்து இறங்கியபோது தெற்கே எங்கோ பெரிய சத்தம். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் கரும்புகை எழுந்தது. வேன் வருகிற நேரம் தாண்டியது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. யாரையும் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. பேச்சியம்மாள் ஊருக்குள்ளிருந்து ஓடிவந்து வேம்படியில் உட்கார்ந்தார். அழவில்லை. "ஏதாச்சும் ஓதுங்க பாய்" என்றார்.

அத்தா மரத்தடிக்குப் போனார். மேற்கே பார்த்துத் திரும்பி நின்றார். மரம் அவருக்கு முதுகுப் பக்கம். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஓதத் தொடங்கினார். ஒரு கை முன்னால் ஏந்தியிருந்தது. இன்னொரு கை பின்னால் போய் வேம்பைப் பிடித்திருந்தது. அவருக்கே அது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மா வாசலுக்கு வந்தாள், பார்த்தாள், பேச்சியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் வேன் வந்தது. மாரியப்பன் இறங்கினார். பேச்சியம்மாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்யா இம்புட்டு நேரம்?" என்று அத்தா அதட்டினார்.

"ரோட்டை அடைச்சுட்டாக பாய். வேற கம்பெனியில ஆயிருச்சு."

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான். அடுத்த நிமிடமே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. சத்தம் கேட்டது கேட்டதுதானே. அங்கேயும் யாரோ ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர்கள் பிடித்ததில் என்ன குறை? இன்று வரை எனக்கு விளங்கவில்லை. அத்தாவிடம் கேட்கவும் துணிவு வரவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். ரோட்டை அகலப்படுத்தியபோது வேம்பு போயிற்று, அம்மாவின் அடுப்படியும் பாதி போயிற்று. மாரியப்பன் மகன்கள் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்து தாய் தகப்பனையும் அழைத்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி. அம்மா காலமான பிறகு மிச்ச வீட்டையும் விற்றோம். கேட் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அத்தா என்னோடு வந்து இருந்தார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என்னையே கடைக்கு வந்தவள் என்று நினைத்து என்ன கலர் வேண்டும் என்றார். ஒரு சாயங்காலம் திடீரென்று தலையைத் தூக்கி, "வேன் வந்துருச்சாம்மா?" என்று கேட்டார்.

"வந்துருச்சு அத்தா. எல்லாரும் எறங்கிட்டாக" என்றேன்.

"அப்பக் கேட்டைச் சாத்து" என்றார்.

எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.