கண் வைக்காத கொக்கு

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் கொல்லிமலையில் ஒரு துரைசாணி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இங்கே வருவதற்கு முன் கொஞ்ச காலம் ஜப்பானில் இருந்தவள். அங்கே பழகிய காகித மடிப்பு அவள் கையை விட்டுப் போகவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வண்ணத் தாளில் கொக்கு மடித்து, கெட்டி அட்டையில் ஒட்டி, சீமையிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு வாழ்த்து அட்டையாக அனுப்புவாள்.

அந்த மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான தேவனூர் நாட்டுக் கண்ணாயி அந்த வீட்டில் கூட்டித் துடைக்கப் போனவள். மந்தாரை இலையில் தொன்னை மடித்த விரல்களுக்குத் தாள் மடிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. முதல் கொக்கு பிரிந்துவிடுமோ என்று பயந்து, தொன்னைக்குக் குத்துவதுபோல அதன் வயிற்றில் ஒரு ஈர்க்கைக் குத்திவைத்தாள். துரைசாணி சிரித்துத் தீர்த்தாள். பிறகு சாமைக் கஞ்சியில் பசை காய்ச்சுவது, நகத்தால் மடிப்பை அழுத்துவது எல்லாம் கண்ணாயி வேலையாகிவிட்டது. மையால் கண் வைக்க மட்டும் மாட்டாள்.

"ஏன் கண்ணாயி?"

"மண்குதிரைக்குக் கோயிலுக்குக் கொண்டு போனப்புறந்தானுங்க கண்ணு தொறக்கறது. செஞ்ச எடத்துலயே தொறந்தா அது செஞ்சவங்களோடதாயிருமுங்க. எங்க போய்ச் சேருதோ, அவங்கதான் வெக்கோணும்."

"என் தங்கைக்கு அதெல்லாம் தெரியாது" என்று துரைசாணியே புள்ளி வைத்துக்கொள்வாள்.

கண்ணாயிக்கு ஒரு மகள், அத்தாயி. புருஷன் காளியண்ணனோடு ஒத்துப்போகாமல், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டு வந்தபோது, மலை வழக்கப்படி பிள்ளை குண்டனி நாட்டில் அப்பன் வீட்டிலேயே நின்றுவிட்டது. நோன்பித் திருவிழாக் கூட்டத்தில் ஒருமுறை பார்த்தபோது அத்தாயி அப்பன் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீட்டிய பொரி உருண்டையை வாங்கவில்லை. அதற்கப்புறம் கண்ணாயி எதையும் கொடுத்தனுப்பத் துணியவில்லை.

அந்த வருஷம் மிஞ்சிய சிவப்புத் தாளைக் கேட்டு வாங்கி மகளுக்கென்று ஒரு கொக்கு மடித்தாள். அட்டையில் ஒட்டி, முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி, குண்டனி வரைக்கும் போய் மிளகு வாங்கும் முத்தனிடம் கொடுத்தாள்.

"ஏம்மா, கொக்கு குருடா?"

"கண்ணு வெக்கலைன்னு சொல்லுங்கண்ணா. அத்தாயிக்கு வேணும்னா வெச்சுக்கட்டும். வேண்டாம்னா திருப்பிக் கொண்டாந்துருங்க."

"மிளகு சொமக்கற கழுதைக்குக் கொக்கு ஒரு பாரமா? குடு."

அவன் திரும்பும்வரை கண்ணாயி மடித்ததெல்லாம் கோணலாகவே வந்தது.

முத்தன் வந்ததும் முதலில் அவன் கையைத்தான் பார்த்தாள். அட்டை இல்லை. அதை நம்புவதற்கும் பயமாக இருந்தது.

"எங்கீங்கண்ணா அது?"

"மொதல்ல தண்ணி குடு தாயி."

சொம்பைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"காளியண்ணன் எரவானத்துல சொருகி வெக்கச் சொன்னான். புள்ள விடல. கண்ணு வெக்கற சேதியச் சொன்னேன். கொக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்பறம் அப்பங்கிட்ட அடுப்புக்கரி கேட்டுச்சு."

"அவரு?"

"அவனேதான் எடுத்துக் குடுத்தான். ஆனா ஒண்ணு, ஒரு கண்ணு சாமையாட்டம், இன்னொண்ணு புளியங்கொட்டையாட்டம். பாக்கச் சகிக்கல போ!"

கண்ணாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"புளியங்கொட்டை எந்தப் பக்கமுங்க?"

"அதையெல்லாம் யாரு பாத்தா?"

"அடுத்த தடவ பாத்துட்டு வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் பசைச் சட்டியைக் கிளறப் போனாள். அது அடிப்பிடித்திருந்தது.