சிவப்பு தெரியக் கூடாது

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் யாரும் வேலை செய்ய மாட்டோம். தேதி மாற்றுவோம். அவரவர் செய்ய வேண்டிய வேலையெல்லாம் ஒரு செயலியில் ஏறியிருக்கும். கெடு தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும். திங்கட்கிழமை காலையில் மேலாளர் அதைப் பெரிய திரையில் போடுவார். சிவப்பு தெரிந்தால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அதனால் முடிக்காத வேலைக்கெல்லாம் அடுத்த வாரத் தேதி போட்டுவிடுவோம். மேலாளருக்கும் இது தெரியும். தன் மேலாளரிடம் அவரும் அதையேதான் செய்கிறார்.

இந்தச் செயலியை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவள் நான்தான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. செம்பூரிலிருந்து ஐரோலிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். வீட்டுக்காரருக்குத் தாணேயில் ஷிப்ட் வேலை. கேஸ் யார் புக் பண்ணுவது, தோசை மாவு யார் வாங்குவது என்று தினமும் போனிலேயே சண்டை. ஆகவே 'வீடு' என்று ஒரு பட்டியல் திறந்து அவரையும் அதில் சேர்த்தேன். ஒரு வேலையை முடித்து டிக் அடித்தால் திரையில் கலர் காகிதம் பறக்கும். அதைப் பார்ப்பதற்காகவே மனிதர் மாவு வாங்கி வந்தார்.

வீட்டுப் பட்டியலைத் தமிழில்தான் எழுதுவேன். பக்கத்து சீட்டில் இருப்பவள் மராத்திக்காரி; என் வீட்டு விஷயம் அவளுக்கு எதற்கு? எங்கள் மகளுக்கும் தமிழ் வாசிக்க வராது, அது இன்னொரு சௌகரியம். பன்னிரண்டு வயது. வீட்டில் பேசுகிற தமிழிலும் பாதி ஹிந்தி. ஊரடங்கில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தேன். ஓரளவு எழுத்துக் கூட்ட வருவதற்குள் ஊரடங்கு முடிந்துபோனது, நானும் விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் பஸ்ஸில் இருக்கும்போது அவளுடைய வகுப்பு டீச்சர் போன் செய்தார். கூடவே திரிந்த இரண்டு பெண்களும் இப்போது அவளுடன் பேசுவதில்லையாம். சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பில் ஆளையே காணோமாம். "வீட்டுல கொஞ்சம் கேட்டுப் பாருங்க" என்று ஹிந்தியில் சொன்னார். அன்றைக்கே கேட்டுவிட வேண்டும், மறந்துவிடக் கூடாது என்று பட்டியலில் எழுதினேன்: 'பாப்பாகிட்ட பேசணும்.'

எழுதியதுதான் தப்பு. எழுதியவுடனேயே பாதி பேசிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அன்று ஐரோலிப் பாலத்தில் மழையில் பஸ் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சமைத்துப் போட்டு நிமிர்ந்தபோது வாயைத் திறக்கத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டாப் ஹில்லில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. அப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது. அலுவலக வேலைகளுக்குத் தேதி மாற்றிய விரல் அதே வேகத்தில் இதற்கும் மாற்றியது. அடுத்த வெள்ளியும் அப்படியே.

வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். "பாப்பாகிட்ட பேசணும்னு போட்டிருக்கே, நீ பேசுதியா, நான் பேசட்டுமா?"

"நானே பேசுதேன். நீங்க கேஸுக்குப் போடுங்க."

மழைக்காலம் போய் அக்டோபர் வெயில் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஹோம்வொர்க் பார்க்க என் போனை எடுத்துப் போன மகள் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பா... ப்... பா. பாப்பா. நான்தானே மா? கி... ட்ட. பே... ச... ணும்."

வேறு சமயமாக இருந்தால் தமிழ் வாசிக்கிறாளே என்று கட்டிப்பிடித்திருப்பேன். அந்த வரிக்குக் கீழே, ஒவ்வொரு தடவை நான் தேதி மாற்றியதையும் செயலி ஆங்கிலத்தில் குறித்து வைத்திருந்தது. அதை வாசிப்பதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் போனாள்.

"ஜூலைலேர்ந்து இருக்கு. என்ன பேசணும் மா?"

மடித்த துணியையே மறுபடி மடித்தேன். "உங்க டீச்சர் போன் பண்ணாங்க. அந்தப் புள்ளைங்க உன்கூடப் பேசறதில்லையாமே."

"அதுவா? அது கதம் மா, முடிஞ்சுபோச்சு. முதல்ல ரொம்ப அழுகை வந்துச்சு. பாத்ரூம்ல போய் டப்பா சாப்பிடுவேன். இப்போ லைப்ரரில உக்காந்துக்கிறேன். டீக் இருக்கு, ஒண்ணும் பிரச்சனை இல்ல."

பாத்ரூமில். காலை ஐந்தரைக்கு எழுந்து நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை என் பிள்ளை பாத்ரூமில் நின்று தின்றிருக்கிறாள். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லலே?"

"நீ டெய்லி டயர்டா வருவியே. சண்டே சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "அப்புறம் அடுத்த சண்டேன்னு விட்டுட்டேன்."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். சத்தம் போட்டு அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அதற்கும் எனக்கு வேலை வைக்கவில்லை.

"இப்போ பேசியாச்சுல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளே அந்த வரியில் டிக் அடித்தாள். திரையில் கலர் காகிதம் பறந்தது. அது விழுந்து முடிகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் ஒரு சிவப்புகூட இல்லை.