மணலுக்கு இரண்டு உறுப்பினர்கள்

டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலம். காலை இடைவேளை இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் எனக்கு எதிரே உட்கார்ந்து ஓர் ஐரிஷ்காரி காகிதங்களைப் பரப்பிக்கொள்வாள். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குக் கொஞ்சம் முன்பின். ஜெர்மன்காரன் ஒருவனைக் கட்டி வந்து, அவனும் போய், இவள் மட்டும் இங்கே மிஞ்சியிருந்தாள். இருவரும் பேசியது ஜெர்மன். அவளுடையதும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. அதனால் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்படத் தேவையிருக்கவில்லை.

அவளுடைய ஊர்ப் பங்குக் கோவில் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடுமாம். அதற்கு அவள் ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருந்தாள். வரலாறு என்றால் ராசா கதையில்லை. ஒரு பழைய தேர்தல் தொகுதியின் கதை. பன்னோ என்று அதற்குப் பெயர், அயர்லாந்தின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. இத்தனை வேலையிருக்க, ஒழிந்துபோன ஒரு தொகுதியைப் பற்றி எழுதுகிறாளே, இவளுக்கு வேறு வேலையில்லையா என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு அவள் கதையைச் சொன்னாள். பன்னோ ஒரு காலத்தில் துறைமுகப் பட்டினம். தெருக்கள் இருந்தன, சந்தை இருந்தது. டப்ளினில் இருந்த பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமையும் அதற்கு இருந்தது. கடல் மண்ணைக் கொண்டுவந்து துறையை அடைத்தது, பிறகு மணல் ஏறித் தெருக்களை மூடியது. சனம் போய்விட்டது. இடிந்த கோவிலும் மேடுகளும்தான் மிச்சம். ஆனால் அந்த இரண்டு உறுப்பினர்கள் மட்டும் தவறாமல் டப்ளினுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு புகைபோக்கியைச் சுற்றி நின்றுதான் தேர்தல் நடத்தினார்கள் என்று அவளுடைய ஊரில் சொல்வார்களாம். அந்தப் பாராளுமன்றத்தையே லண்டனோடு சேர்த்தபோதுதான் தொகுதியை ஒழித்தார்கள். அதுவும் சும்மா இல்லை, அதைத் தன் கையில் வைத்திருந்த பிரபுவுக்கு நட்டஈடு கொடுத்து.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஜெர்மனிக்கு வந்து அப்படிச் சிரித்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். ஆளில்லாத ஊருக்காக ஆள் அனுப்பிய அந்தப் பிரபுக்களைக் கள்ளர் கூட்டம் என்று திட்டினேன். அவளும் சிரித்தாள். பிறகு, உன்னுடைய ஊரில் இதெல்லாம் இல்லையா என்று கேட்டாள். எங்கள் ஊரில் இப்படி ஒரு பகிடி நடக்காது என்று சொன்னேன். எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கே அன்று தெரியாது.

என் கதையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் வடகரையில் எங்கள் ஊர். நான் எண்பத்தைந்தில் இருபது வயதில் இங்கே வந்துவிட்டேன். தொண்ணூறில் ஊர்ச் சனம் முழுவதையும் வெளியேற்றினார்கள். அன்றிலிருந்து அது இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயம், ஒரு குருவிக்குக்கூட அனுமதியில்லை. அப்பா பருத்தித்துறையில் அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து அம்மா. தங்கச்சி இடப்பெயர்வில் காய்ச்சல் வந்து போனாள், மருந்து கிடைக்கவில்லை. மூன்று சாவுக்கும் நான் போகவில்லை. தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அழுதேன். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார்.

கலியாணம் கட்டவில்லை. யாரும் கேட்டால் காலம் சரிவரவில்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டியிருக்கும், தெருவில் ஒருவர் இருக்கமாட்டார். தேவாலயத்துப் பூசைக்குப் போய் வந்து கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்பதில்லை. சில நேரம் தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வானொலியோடு பேசுவேன்.

அந்த வருடம் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஜெர்மன் பிரசாவுரிமை எடுத்து ஒரு தடவையாவது வாக்குப் போட வேண்டும். மற்றவர்கள் கடவுச்சீட்டுக்கு ஆசைப்பட்டார்கள். எனக்குப் போவதற்கு இடமில்லை, கடவுச்சீட்டு எதற்கு? எங்கேயாவது ஒரு பட்டியலில், இந்த முகவரியில் இந்த ஆள் இருக்கிறான் என்று என் பெயர் எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழில் வந்து நின்றது. பதிவாளர் கந்தோர் வலயத்துக்குள், புத்தகம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்கள் நாட்டு அரசாங்கத்தின் முத்திரை குத்தி, உங்கள் பெயரும் வீடும் எழுதிய ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்றார். நல்ல மனுசி.

அது சமாதானக் காலம், பாதை திறந்திருந்தது. சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, யாழ்ப்பாணம் டவுனில் இருந்தான். தொலைபேசி அட்டை வாங்கி அவனிடம் சொன்னேன். அவன் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, அலைந்து வாக்காளர் இடாப்பிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கத்தைப் பிரதி எடுத்து, முத்திரை குத்தி அனுப்பினான். ஊருக்குள் ஒருவரும் இல்லாவிட்டாலும் ஊரின் இடாப்பு மட்டும் கச்சேரியில் உயிரோடு இருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் எங்கே இருந்தாலும் பழைய ஊரிலேயே பதியலாமாம்.

கடிதத்தைப் பிரித்தேன். எங்கள் வீட்டு இலக்கம். அதன் கீழே நான்கு பெயர். அப்பா, அம்மா, நான், தங்கச்சி. ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே வீட்டில். அது பழைய இடாப்பு இல்லை, போன வருடத்து இடாப்பு.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உடனே தம்பியைத் தொலைபேசியில் எடுத்துக் கிழித்தேன். செத்தவர்களை உயிரோடு எழுதுவது குற்றம் என்று தெரியாதா, இதைக் கொண்டுபோய் ஜெர்மன்காரியிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன்.

அவன் நிதானமாகச் சொன்னான்: "ஊர்ப் பதிவு பாக்கிற விதானையார் வருசா வருசம் இடாப்புப் படிவம் தாறவர், அண்ணை. என்ர அப்பா இருக்கும்வரை அவர் நிரப்பினவர், இப்ப நான். பேரை வெட்டினா காணியும் போயிடும் எண்டு எல்லாரும் இப்பிடித்தான் எழுதுகினம். எங்கட ஒழுங்கையில ஒருத்தரும் சாகேல்லை."

அடுத்த நாள் இடைவேளையில் நான் ஐரிஷ்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். எங்களுடைய தொகுதியும் உன்னுடையதைப் போலத்தான், புகைபோக்கியை என் சித்தப்பாவும் தம்பியும்தான் காவல் காத்திருக்கிறார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பன்னோவின் பிரபுக்கள் லாபத்துக்காகச் செய்தார்கள், அது வேறு என்றாள். காணியும் லாபம்தானே என்று நான் வம்புக்கு நின்றேன். அவள் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் குறித்துத் தந்த டெர்மீன் நாளில் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். நான் பயந்தபடியே நடந்தது. அந்தப் பெண்மணி ஒரு விரலை என் அன்ட்ராக்கில் வைத்தார். அங்கே என் கையெழுத்தில், தாய் தந்தை இறந்துவிட்டார்கள் என்று இருந்தது. மற்ற விரலை இடாப்பில் வைத்தார்.

"இங்கே இறந்திருக்கிறார்கள், அங்கே வாக்காளர்களாக இருக்கிறார்கள். எந்தக் காகிதம் பொய்?"

பத்தொன்பது வருடம் இந்த நாட்டில் சிவப்பு விளக்கில்கூடத் தெருவைக் கடக்காதவன் நான். அப்பா இல்லை, அம்மா இல்லை, தங்கச்சியும் இல்லை, வீடும் இல்லை, இடாப்பு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிமுடிக்கும்போது என் ஜெர்மன் முழுதாக உடைந்துவிட்டது. அவர் இரண்டு காகிதத்தையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். காகிதம் சரியென்று ஏற்க வேண்டுமானால் அதில் உள்ள பிழைக்கு விளக்கம் வேண்டும், மூன்று மரணச் சான்றிதழும் கொண்டுவாருங்கள் என்றார்.

ஆக, நான் இருக்கிறேன் என்று காட்ட அவர்கள் மூவரும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். தம்பி பருத்தித்துறைக்குப் போய் மூன்றையும் எடுத்து அனுப்பினான். ஜெர்மனுக்கு மாற்றுவித்து, அப்பாவை, அம்மாவை, தங்கச்சியை ஒவ்வொருவராக அந்த மேசையில் வைத்தேன். அந்தப் பெண்மணி வரிசையாக முத்திரை குத்தினார். சாவு வீட்டுக்குப் போகாதவனுக்கு அன்றுதான் மூன்று சாவும் ஒன்றாக நடந்தன. வெளியே வந்து டிராம் தரிப்பிடத்தில் மூன்று வண்டிகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருடம் பிரசாவுரிமை கிடைத்தது. செப்டம்பரில் தேர்தல் என்றார்கள். ஆகஸ்டில் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. என் பெயர், என் தெரு, என் வீட்டு இலக்கம். காட்டுவதற்கு ஆளில்லை. வேலைக்குக் கொண்டுபோய் ஐரிஷ்காரியிடம் காட்டினேன். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவள் இன்னும் ஐரிஷ் கடவுச்சீட்டுத்தான். இந்தத் தேர்தலில் அவளுக்கு வாக்கில்லை. நாட்டை விட்டு வந்ததால் அங்கேயும் இல்லை. மணலுக்கு இருந்ததுகூட எனக்கில்லை என்றாள். அவளுடைய கட்டுரை அந்தக் கோடையில் மலரில் வந்திருந்தது. எனக்கும் ஒரு பிரதி தந்தாள். என்னால் வாசிக்க முடியாத ஆங்கிலம், ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே வாக்குச்சாவடிக்குப் போனேன். பள்ளிக்கூடம் ஒன்று. சட்டையை அயன் பண்ணிப் போட்டிருந்தேன். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நூலில் கட்டிய பென்சில். இந்த நாட்டில் ஒருவருக்கு இரண்டு வாக்கு, இரண்டு புள்ளடி போட வேண்டும். மெதுவாகப் போட்டேன். பெட்டியின் பக்கத்தில் இருந்தவர் நன்றி என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன். யாரும் கேட்கவில்லை.

அறைக்கு வந்து தம்பிக்கு எடுத்தேன். நான் வாக்குப் போட்ட கதையைச் சொன்னேன். அவன் சந்தோசப்பட்டான். பிறகு அவனுக்கும் ஒரு விசயம் இருந்தது.

"விதானையார் இந்த வருசப் படிவம் தந்திட்டுப் போயிருக்கிறார், அண்ணை. நீங்கள் இப்ப ஜெர்மன்காரர். உங்கட பேரை இனி எழுத ஏலாது."

"ஓம். என்ர பேரை வெட்டு."

"மரண சேட்டிபிக்கற் எடுத்தது கந்தோருக்கும் தெரியும். மற்ற மூண்டு பேரையும் வெட்டி விடட்டோ?"

முன்பென்றால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். கள்ளர் கூட்டம் என்று ஒரு பிரபுவையே திட்டியவன். அலுவலகத்து மேசையில் மூன்று முத்திரை விழுந்தது ஞாபகத்துக்கு வந்தது. இங்கே அவர்களை நானே என் கையால் கொண்டுபோய் வைத்துச் சாகடித்தாயிற்று.

"இல்லை. அவையள் இருக்கட்டும். விதானையார் தன்ர கையால வெட்டினா வெட்டட்டும், நீ வெட்டாதை."

பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, வீட்டில் இப்போது மூன்று பேர்தானே என்று கேட்டான்.

"ஓம், மூண்டு பேர்," என்றேன். "நான் வெளியில வந்திட்டன்."