லொரேன்சோவை இரண்டு முறை கூப்பிட்டவர்

மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கடற்கரையூரில் அம்மை குத்தும் வேலையாகத் தங்கியிருந்தபோது கோவில்பிள்ளை ஒருவரைப் பார்த்தேன். மாதா கோயில் மணியடிப்பது அவர் வேலை. நெடிய உடம்பு, கயிறு இழுத்து இழுத்து வலது தோள் சரிந்திருந்தது.

வள்ளங்கள் கரை திரும்பும் நேரத்தில் அலையோரம் நின்று, "லொரேன்சோ!" என்று கூவுவார். எப்போதோ வந்த இத்தாலிச் சாமியாரின் பெயர் அது. அவருக்குப் பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள் ஊரில் பேர்போனவர்கள்: காற்றை முகர்ந்தே மீன் இருக்குமிடம் சொன்ன ஒருவர், தனியாளாகச் சுறா பிடித்த ஒருவர். இப்போது அந்தப் பெயரில் இருந்தவன் ஒரே ஒருவன், நல்ல துடுப்புக்காரன். வள்ளத்திலிருந்து "ஓய்!" என்பான். கோவில்பிள்ளை மறுபடியும் கூவுவார்.

"அவன்தான் வந்தாச்சே. பின்ன யாரைக் கூப்பிடுதீரு?" என்று கேட்டேன்.

"எம் மவன, சாரே. கடல்ல போனவன் பேர அடுத்து பொறக்க பிள்ளைக்கு வைக்கது இங்க முறை. எம் மவன் பேர இவனுக்கு வச்சப்போ ஞானஸ்நானத்துல நாந்தான் மெழுகுதிரி பிடிச்சேன். எம் மவன் உடம்பு கிடைக்கல்ல. அவன் திரும்பி வந்தா, வேற எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட?"

மறுநாள் அவர் பக்கத்தில் நின்றேன். துடுப்புக்காரன் பதில் கொடுத்தான். அவர் மறுபடி கூவினார். நானும் கடலுக்குக் காது கொடுத்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.