கோழிக்கடைக்குப் போன சாச்சி

எங்கள் வீட்டில் யாருக்காவது காயம் பட்டால் முதலில் சாச்சியைத்தான் பிடிக்க வேண்டும். காயத்தைப் பிறகு பார்க்கலாம். கண்டக்குழிக் கடற்கரையில் நான் உடைந்த சிப்பியை மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்ட அன்று, என் அலறலைக் கேட்டு ஓடிவந்த சாச்சி, இரத்தத்தைக் கண்டதும் மணலில் மடங்கி விழுந்தாள். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அவளைத் தூக்கி நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, ஓலையால் விசிறினார்கள். நான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு தனியே வீடு வந்து சேர்ந்தேன்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. வாப்பா கத்தாரில் வேலை செய்ததால் எங்களுக்குத் துணையாக எங்களோடு இருந்தாள். பக்கத்து வளவு வீட்டில் மாமா. உம்மாவும் சாச்சியும் நானா என்று கூப்பிடும் அண்ணன், வள்ளம் வைத்திருப்பவர். குடும்பத்தில் எந்த முடிவும் அவர் வாயிலிருந்துதான் வரும். ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு சாச்சி தான் நேர்ஸாக வேண்டும் என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். மாமா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பிளேன்டீ அவர் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது.

"அங்க நோயாளியப் பாக்குறதா, ஒன்னப் பாக்குறதா?" என்றார்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டில் திடீரென்று கோழிக்கறி பெருகியது. மீன்காரர் வீட்டில் அது சாதாரண விஷயமல்ல. கற்பிட்டிக்குப் போய்க் கோழி வாங்கி வருகிறேன் என்று சாச்சி தானாகவே கேட்டுக் கேட்டுப் போனாள். குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்பக்கூடாது என்று உம்மா என்னையும் கூட அனுப்பினாள். பஸ் பயணமும் திரும்பி வரும்போது ஒரு ஐஸ்பழமும் கிடைத்ததால் எனக்கு அதில் எந்த மறுப்பும் இல்லை.

கோழிக்கடைக்காரர் இளம் ஆள். அளவாக வெட்டிய தாடி, சுத்தமான சேர்ட். கூட்டிலிருந்து கோழியை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுப்பார். மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாச்சியோ அவருக்கு நேரெதிரே போய் நிற்பாள். என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மேலுதட்டில் வியர்வை அரும்பும். முதல் நாள் பாதியிலேயே வெளியே வந்து, பக்கத்துக் கடைப் படியில் குந்திக்கொண்டு, வெகுநேரம் எழும்பவில்லை. "வெயில்" என்றாள். மழை இருட்டிக்கொண்டு நின்ற நாள் அது.

உம்மா ஒருநாள் என்னைக் குசினிக்குள் அடுப்பருகே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"கடையில சாச்சி என்ன செய்றா? உள்ளதச் செல்லு மகள்."

உள்ளதைத்தான் சொன்னேன்.

"ஒண்டும் பேசுறல்ல உம்மா. அவர் கிட்டப் போய் நிண்டு பாத்துக்கிட்டே இரிக்கா. வேர்த்துக் கொட்டுது. கையெல்லாம் நடுங்குது. வீட்டுக்கு வந்தா சோறும் தின்றல்ல."

"யா அல்லாஹ்!" என்று உம்மா தலையில் கை வைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ பெரிய தகவலைத் தந்துவிட்டேன் என்ற பெருமை இருந்தது.

செய்தி அன்றைக்கே பக்கத்து வளவுக்குப் போனது. மாமா கோபப்படுவார் என்று உம்மா பயந்தாள். அவர் கோபப்படவில்லை, விசாரித்தார். ஆள் தொழுகையாளி, கெட்ட பழக்கம் இல்லை, கடையும் சொந்தம் என்று தெரிந்தது. கடைக்காரரின் அண்ணனிடம் கல்யாணப் பேச்சை அரைவாசி முடித்துவிட்டு, ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சாச்சியைக் கூப்பிட்டார். அவள் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஏச வரல்ல," என்றார் மாமா. "எங்களுக்கும் விருப்பம்தான். ஆள் நல்லவன்."

"யாரச் சொல்றீங்க, நானா?"

"கோழிக்கடைப் பொடியன்தான், வேற யாரு? கிழமைக்கு மூணு தரம் போய்ப் பாத்தா ஊருக்குத் தெரியாதா?"

சாச்சி உம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் அந்த மனிசன்ட மொகத்தயே ஒழுங்காப் பாத்ததில்ல நானா."

"அப்ப என்னத்தப் பாத்த?"

"ரத்தத்த."

சாச்சியின் கை நடுங்கி, நிலையோடு சேர்ந்திருந்த திரைச்சீலையும் நடுங்கியது.

"நேர்ஸ் ட்ரெயினிங்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். எடுத்திட்டாங்க. வாற மாசம் போகாட்டி அந்த இடம் இல்லாமப் போயிடும். விழாம நிண்டு பழகத்தான் கோழிக்கடைக்குப் போனேன். இப்ப விழுறல்ல. தல சுத்தும், ஆனா நிப்பன்."

"அங்க போய் விழுந்தா?"

"விழுந்தா எழும்புவன்."

உம்மாதான் முதலில் மூச்சு விட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று சொல்லிவிட்டு, சிரிப்பும் அழுகையுமாகச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மாமாவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. சாச்சியைப் பார்த்து இல்லை, தன்னையே நினைத்துத்தான் இந்த முறை சிரித்தார். ஊர் பேசும்படியான காதல் எதுவும் இல்லை என்ற நிம்மதியில், நேர்ஸ் வேலைக்குத் தான் சொல்லியிருக்க வேண்டிய மறுப்பு அவருக்கு மறந்தேபோனது.

"போ," என்றார். "எனக்கு இப்ப கற்பிட்டிக்குப் போய்ப் பேசின பேச்சத் திருப்பி எடுக்கோணும். அதுதான் பெரிய கஷ்டம்."

அடுத்த மாதம் மாமாவே அவளை பஸ் ஏற்றிவிட்டார். இப்போது சாச்சி சிலாபம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். தான் விழுந்த கதைகளைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறாளாம்.

அந்தப் பின்னேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரைச்சீலைதான் கண்ணில் நிற்கிறது. கோழிக்கடையில்கூடச் சாச்சி அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. பாவம், இன்னும் இரத்தத்துக்குத்தான் பயப்படுகிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்த விறாந்தையில் ஒரு சொட்டு இரத்தமும் இல்லை, பயப்படுவதற்கு மாமா மட்டும்தான் இருந்தார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை.