மாதன் மாமாவின் மூக்கும் குப்புசாமியின் மிளகும்

"மூக்குச் சளி மூளைக்கு ஏறுமா, கண்ணு? பன்னெண்டாவது முடிச்சிருக்கியே, சொல்லு."

கண்ணாயி அத்தை இப்படிக் கேட்டதும் நான் படித்ததை நினைத்துப் பார்த்தேன். எங்கள் உயிரியல் புத்தகத்தில் மூக்குக்கு ஒரு படம், மூளைக்கு ஒரு படம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அத்தையின் கணவர் மாதன் மாமா, திருப்புலி நாடு என்கிற எங்கள் மலைப் பகுதியில் மிளகு பறிப்பவர். கணுக்களில் கால் வைக்க இடம் விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கிலை, மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாய்த்து, ரோட்டில் நடப்பதுபோல் மேலே போவார். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவருக்கு சைனஸ். அவர் மரத்தில் தும்மினால் மிளகு தானாகக் கொட்டும் என்று கிண்டல் செய்வார்கள். அவரோ ஒரு மிளகை ஊசியில் குத்தி, விளக்கில் சுட்டு, புகையை மூக்கில் இழுப்பார். கண்ணீர் வழிய, "தெறந்துக்கிச்சு!" என்பார். அது மறுபடி மூடிக்கொள்வதற்குள் அடுத்த மிளகைக் குத்துவார்.

பிறகு மறதி வந்தது. காலைத் தரையோடு தேய்த்து நடக்க ஆரம்பித்தார். "மண்டையில நீர் கோத்திருக்கு, அதுதான் காலுக்கு இறங்குது" என்று அதற்கும் அதே புகை. பிரஷருக்கென்று முன்பு வாங்கிய மாத்திரை பரணில் கிடந்தது.

2004 மாசியில் ஒரு நாள், காலையில் மூங்கிலோடு போனவர் மதியம்வரை வரவில்லை. அத்தையும் நானும் சோறு கொண்டுபோனோம். அவர் தோட்டத்தில் ஆள் இல்லை. கூப்பிட்டால், பதில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தின் மேலிருந்து வந்தது. அது குப்புசாமியின் தோட்டம். அத்தைக்கு அண்ணன் முறையான அவர், கீழே பாறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மரங்களில் பாதிக்குமேல் பறித்தாகிவிட்டது.

"ஏனுங்கண்ணா, இவரு உங்க மரத்துல ஏறியிருக்காரு, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!"

"மொத மரத்துலயே சொல்லலாம்னுதான் வந்தேன், தாயி. மச்சான் கூலியில்லாம இத்தனை சுத்தமாப் பறிக்கறப்ப நடுவுல பேசுனா நல்லாருக்காதுல்ல?"

மேலிருந்து மாமா அதட்டினார்: "என் தோட்டத்துல உனக்கென்ன வேலை, குப்பு?"

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. இறங்கும்போது மாமாவின் கால் கணுவைத் தேடி வெறும் காற்றை மிதித்தது. குப்புசாமி டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலைதான் அத்தை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். மறுநாள் மாமா, அத்தை, நான் மூவரும் சேலத்துக்கு பஸ் ஏறினோம்.

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். மூளையின் ஆழத்தில் இருக்கும் முடி போன்ற ரத்தக் குழாய்கள் பழுதாகி, அங்கங்கே திட்டு விழுந்திருக்கிறது. மறதியும் காலைத் தேய்க்கும் நடையும் அதனால்தான் என்றார். மாமா படத்தின் கீழ்ப் பக்கம் விரலை வைத்தார்.

"இது மூக்குதானுங்க?"

"ஆமா. சைனஸும் வீங்கித்தான் இருக்கு."

"பாத்தியா!" என்று அத்தையிடம் திரும்பினார், கேஸ் ஜெயித்தவர் மாதிரி. "ஏனுங்க டாக்டர், பக்கத்து ஊட்டுல புகைஞ்சா நம்மூட்டுக்கு வராதுங்களா?"

"வரலாம். ரொம்ப வருசம் இருக்கற வீக்கம் ரத்தக் குழாயையும் கெடுக்குமான்னு கேட்டா, கெடுக்கலாம். உங்களுக்குக் கெடுத்துச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா பிரஷர் கெடுக்கும்ங்கறது நல்லாத் தெரியும். ரெண்டுக்கும் மருந்து எழுதறேன். இனிமே புகை வேண்டாம். மரம் ஏறவே கூடாது."

"மூக்கு தெறந்துக்கிட்டா?"

"தெறந்தாலும்."

ஊருக்கு வந்து மூக்கு மருந்தை மட்டும் ஒழுங்காகப் போட்டார். "டாக்டரே வரலாம்னுட்டாரு" என்று பிரஷர் மாத்திரையைத் தொடவில்லை. மூச்சு லேசானதும் மூங்கிலைத் தேடினார். அது ஆட்டுப்பட்டியில் துண்டு துண்டாகக் குறுக்குச் சட்டமாகியிருந்தது. அறுத்தது அத்தை.

"ஏறக்கூடாதுன்னுதானே சொன்னாரு, அறுக்கச் சொன்னாரா?"

"அவரு சொன்னதுல வரலாம்ங்கறத மட்டும் புடிச்சுக்கிட்டு, கூடாதுங்கறத உட்டுட்டீங்க. நீங்க விழுந்து போயிட்டா, உங்க மூக்க வச்சுக்கிட்டா நான் குடும்பம் நடத்தறது?"

மாமா பட்டியின் குறுக்குச் சட்டத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "காலையில போடறது எந்த மாத்திரை?" என்று கேட்டார்.

அத்தையின் கேள்விக்கு முழுப் பதில் எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் மறதிக்கும் தள்ளாட்டத்துக்கும் மூக்கையே குறை சொல்லிக்கொண்டு, பிரஷர் பார்க்காத ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் மறந்துவிடக்கூடும், அவர் வீட்டுக்காரியிடமும் சொல்லிவிடுங்கள்.