கையில் கிளாஸ் இல்லாத மாப்பிள்ளை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிக் கல்யாணங்கள் என் பெரியம்மா பேசி முடித்தவை. மீதிப் பாதி அவர் வேண்டாம் என்று சொல்லியும் நடந்தவை. அப்படிப்பட்டவர் முன்னால் கல்யாண விளையாட்டுப் பெட்டியைத் திறந்தது என் தப்புத்தான்.

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்கிறேன். அறையில் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன பெட்டி அது. மாதக்கணக்காக யாரும் கேட்டு வராததால் மேனேஜர் என்னிடம் கொடுத்துவிட்டார். பலகை முழுக்க விளக்கு எரியும் ராத்திரி நகரம். ஆடுகிற எல்லாரும் தரகர்கள். பகடை உருட்டி, அட்டையில் இருக்கும் ஆண்களையும் பெண்களையும் கிளப், பார், கரோக்கி என்று கூட்டிப்போய் ஜோடி சேர்க்க வேண்டும். முதலில் ஐந்து ஜோடி சேர்த்தவர் ஜெயித்தவர்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரவு வாழ்க்கை என்றால் எட்டரை மணி சீரியல்தான். கரண்ட் போனால் அதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பொல்பிட்டியப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பெரியம்மா பார்த்த இடம். எனக்கோ, நானுஓயா ஸ்டேஷனுக்கும் டவுனுக்கும் வேன் ஓட்டும் ஒருவரை இரண்டு வருடமாகப் பிடித்திருந்தது. அவர் வேதக்காரர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வீட்டில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விளையாட்டோடு விளையாட்டாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனமெல்லாம் நினைப்பதோடு சரி.

பௌர்ணமிப் போயா லீவு நாள், நல்ல மழை. அம்மா, பெரியம்மா, நான் மூவரும் பாயில் உட்கார்ந்தோம். பெரியம்மா முதல் அட்டையை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"இவன் எந்தத் தோட்டம்?"

"தோட்டமெல்லாம் இல்ல பெரியம்மா. இவன் பாங்க்ல வேல செய்றான்."

"கையில என்ன கிளாஸு?"

வசமாக மாட்டிக்கொண்டேன். ராத்திரி நகரம் அல்லவா, அத்தனை ஆண்களின் கையிலும் ஒரு கிளாஸ். டாக்டர் கையிலும் கிளாஸ், வக்கீல் கையிலும் கிளாஸ். "குடிகாரனுக்குப் பொண்ணு குடுத்த பாவம் எனக்கெதுக்கு" என்று பெரியம்மா ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். பாட்டுப் போடுகிறவன் ஒருவன் கிளாஸ் இல்லாமல் வந்தான். "இவன் ஊரு கல்யாணத்துல எல்லாம் சாப்பிடுவான், வீட்டுல அடுப்பு எரியாது" என்று அவனையும் தள்ளிவிட்டார்.

அம்மாவின் கவலை வேறு. "வயசுப் பொண்ண ஒத்தையா கிளப்புக்கு அனுப்புறதா?" தையல் டப்பாவிலிருந்து பொத்தான்களை எடுத்து வந்தாள். ஒவ்வொரு பெண்ணோடும் ஒரு பொத்தான், துணைக்குப் போகிற அத்தையாம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிளப்புக்குள் ஆட இடமில்லை, அத்தைகள் நிறைந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆடியும் ஒரு ஜோடிகூடச் சேரவில்லை.

அப்போதுதான் டாக்ஸி ஓட்டுகிறவனின் அட்டை என் கைக்கு வந்தது.

"இவன் நல்லவன் பெரியம்மா," என்றேன். "கிளாஸுல இருக்கிறது வெறும் சோடா. குடிக்கவே மாட்டான்."

"அப்பன் ஆத்தா?"

"அப்பா இல்ல. அம்மா இருக்காங்க, முட்டு வலி. மாசா மாசம் இவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான்."

"கூடப் பொறந்தவங்க?" இது அம்மா.

"ரெண்டு தங்கச்சி. மூத்ததக் கட்டிக் குடுத்தாச்சு. சின்னது படிக்குது."

"கோயில் கொளத்துக்குப் போவானா?"

"ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போவான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அம்மா என் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது என்பதைப் பார்க்க இங்கிலீஷ் தேவையில்லை.

"இவ்வளவும் இதுல எழுதியிருக்கா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "இல்லம்மா," என்றேன்.

பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். "அப்ப பொல்பிட்டியக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்கக்கா. நானே போன் பண்ணிப் பேசிக்கிறேன்," என்றாள் அம்மா. பெரியம்மா குடையை எடுத்துக்கொண்டு தன் காம்பரா வீட்டுக்குப் போய்விட்டார். கோபம்தான். நியாயமான கோபம்.

அம்மா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டப்போகிறாள், அழப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். கடைசிப் பொத்தானையும் போட்டு மூடியை அழுத்திவிட்டுச் சொன்னாள்:

"வேதக்காரங்களுக்கு நம்ம மொற தெரியாது. பொண்ணு பாக்க வரும்போது மூணு பேரா வரக்கூடாதுன்னு இப்பவே சொல்லி வையி."